ஒற்றைச் சேவலின் ஆடுகளம்

ஆர்லிஸ் ஹோகனுக்கு அறுபத்திரண்டு வயதில் புதிதாக ஒரு மாப்பிள்ளை கிடைத்திருக்கிறான் என்று ஊர்க் காப்பிக் கடையில் பேச்சு. விடியற்காலையில் ஆடுகிறவனாம், நெஞ்சை நிமிர்த்துகிறவனாம், பேச்சே கிடையாதாம். அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே கட்டின புருஷன் செல்மர்தான். ஊருக்கும் வேறு என்ன வேலை? எல்லை வேலியை ஒட்டிய சாஸ்கட்சவான் மாகாணத்துப் புல்வெளியில் மாடு, மழை, அடுத்தவன் மனைவி, இந்த மூன்றையும் விட்டால் பேச எதுவும் இல்லை. மழையும் பெய்வதில்லை.

மாப்பிள்ளை என்று சொன்னது ஒரு காட்டுச் சேவலை. சாம்பல் பூத்த சேஜ் புதரில் பிறந்து, அந்த இலையையே தின்று, அங்கேயே சாகிற சாதி. சேஜ் கோழி என்பார்கள். வசந்தம் வந்தால் சேவல்களெல்லாம் புதரில்லாத மொட்டைத் தரை ஒன்றில் கூடும். அதுதான் ஆடுகளம். வால் இறகை முள்முள்ளாக விரித்து, நெஞ்சிலுள்ள இரண்டு மஞ்சள் பைகளை ஊதி, குடத்தில் நீர் தளும்பும் ஒரு சத்தம் எழுப்பி ஆடும். பெட்டைகள் சுற்றி நின்று பார்க்கும். பிடித்தால் இருக்கும், பிடிக்காவிட்டால் போய்விடும். பாட்டன், முப்பாட்டன் ஆடிய அதே தரையில்தான் பேரனும் ஆடுவான், இடத்தை மாற்ற மாட்டான். அப்படி ஒரு பிடிவாதம்.

ஹோகன் பண்ணையின் மேற்கு மேய்ச்சலில் அப்படி ஒரு ஆடுகளம் இருந்தது. ஆர்லிஸ் கல்யாணமாகி வந்த புதிதில் அங்கே எண்ண முடியாத அளவு சேவல்கள். பிறகு எண்ண முடிந்தது. எண்ணெய்க் கிணறுகள் வந்தன. கொசு கொண்டுவந்த நோய் ஒரு கோடையில் பாதியை வாரிக்கொண்டு போனது. பக்கத்துப் பண்ணைக்காரன் சேஜ் புதரை உழுது பருப்பு விதைத்தான். போன வசந்தத்தில் மூன்று சேவல்கள். இந்த வசந்தத்தில் ஒன்று. பெட்டை ஒன்றுகூட இல்லை. பார்க்க ஆளில்லாத களத்தில் அது மட்டும் தினமும் விடியலில் வந்து, நெஞ்சை ஊதி, ஆடிவிட்டுப் போனது.

இதைப் பார்த்து அழாமல் இருக்க ஆர்லிஸுக்குத் தெரியவில்லை. மாடு செத்தால் அழாதவள், மகன் ஆல்பர்ட்டாவுக்கு எண்ணெய் வேலைக்குப் போனபோது வாசலில் நின்று கையை மட்டும் ஆட்டியவள், ஒரு சேவலுக்காக அழுதாள். அதுதான் செல்மருக்குக் கிண்டலாகப் போயிற்று.

அழுகையோடு விட்டுவிடக்கூடிய நிலையில் விஷயம் இல்லை. ஜோஸ்லின் என்று ஒரு பெண், பறவைகளைப் படித்தவள், நகரத்திலிருந்து இரண்டு வருஷமாக வந்துபோகிறாள். விலங்குக் காட்சிச்சாலையில் முட்டை பொரித்து வளர்த்த பெட்டைகள் அவள் கையில் இருந்தன. வெறும் புல்வெளியில் அவற்றை விட்டால் திசைக்கு ஒன்றாய்ச் சிதறிச் செத்துப்போகும். ஒரு காட்டுச் சேவல் ஆடுகிற களத்தில் விட்டால் அங்கேயே தங்கும், முட்டையிடும். மாகாணம் முழுக்கத் தேடியதில் ஆடுகிற சேவல் ஹோகன் பண்ணையில்தான் மிச்சம்.

"ஏப்ரல் கடைசியில கொண்டு வரலாம்னு அனுமதி குடுத்திருக்காங்க, ஆர்லிஸ். ஆனா ஒரு கண்டிஷன். அதுவரைக்கும் வாரா வாரம் சேவல் களத்துல இருக்கிற படம் வேணும். ஆள் போய் நின்னா அது கலைஞ்சுடும். அதான் கேமரா."

கேமரா என்றது உள்ளங்கை அகலப் பெட்டி. முன்னால் எது அசைந்தாலும் தானே படம் எடுத்து உள்ளேயிருக்கிற மெமரி கார்டில் வைத்துக்கொள்ளும். ஜோஸ்லின் அதை முழங்காலுக்கும் குட்டையான ஒரு மரக் குச்சியில் கட்டி, குச்சியின் தலையில் ஆணிகளைக் கூர் மேலே பார்க்க அடித்தாள்.

"இது எதுக்குடி பொண்ணு, ஆணி?"

"இந்த ஊர்ல மரம் இருக்கா?"

"மரத்தைப் பாக்கணும்னா மெடிசின் ஹாட் டவுனுக்குத்தான் போகணும்."

"அதான். உயரமா ஒண்ணு நட்டா, மேல உக்கார ஆள் வந்துடும். கழுகு, ஆந்தை, எதுவா இருந்தாலும். எவ்வளவு கஷ்டமானாலும் உயரமா மட்டும் எதையும் நட்டுடாதீங்க."

ஆர்லிஸ் தலையாட்டினாள். படித்த பிள்ளைகள் ஆயிரம் சொல்லும். ஆனாலும் இது அவளுக்கு நியாயமாகத்தான் பட்டது.

மூன்று வாரம் எல்லாம் சரியாக நடந்தது. காலையில் சேவல் களத்தை விட்டுப் போகட்டும் என்று காத்திருந்து, பிக்கப் வண்டியை மேட்டுக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டு நடந்துபோய்க் கார்டை மாற்றுவாள். வீட்டுக்கு வந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்காருவாள். புல் அசைந்தாலும் படம் எடுக்கிற கேமரா அது. ஆயிரம் புல்லுக்கு நடுவே ஒரு சேவல். அது வந்துவிட்டால் அடுப்படியில் இருக்கிற செல்மருக்குக் கேட்கும்படி கத்துவாள்.

"வந்துட்டான்!"

"காப்பி போட்டுக் குடு அவனுக்கு. நமக்குத்தான் இன்னிக்கு இல்ல போல."

"உனக்குக் கை இல்லையா? இல்ல, அதையும் மாட்டுக்கு மருந்து போடறப்ப தொலைச்சுட்டியா?"

இப்படித்தான் அந்த வீட்டில் பேச்சு. முப்பத்து நாலு வருஷமாக. வைக்கோல் நனைந்தால் செல்மர் தப்பு, டிராக்டர் நின்றால் செல்மர் தப்பு, மழை பொய்த்தாலும் தார்ப்பாயை எடுத்து வெளியே போட்டு மழையை விரட்டினவன் செல்மர்தான். அவனும் வாங்கிக்கொண்டு சிரிப்பான். வாங்கிக்கொள்ளாத நாளில் சோறு இறங்காதோ என்னவோ.

நாலாவது வாரம் மாடுகள் மேற்கு மேய்ச்சலுக்குப் போயின. குளிர்கால ரோமம் உதிர்கிற நேரம், உடம்பெல்லாம் அரிப்பு. மரமே இல்லாத நாட்டில் மாடு எதில் போய்ச் சொறிந்துகொள்ளும்? முழங்கால் உயரக் குச்சியாக இருந்தால் என்ன, கழுத்தை இறக்கித் தேய்த்தது. ஆணி இன்னும் சுகமாக இருந்திருக்கும். ஆர்லிஸ் போய்ப் பார்த்தபோது கேமரா மல்லாந்து கிடந்தது. கார்டில் முதலில் மாட்டு மூக்கு, பிறகு வயிறு, பிறகு வாரம் முழுக்க ஆகாயம். திரும்ப நட்டு, சுற்றிலும் கல் அடுக்கினாள். இரண்டே நாளில் திரும்ப ஆகாயம்.

ஜோஸ்லின் போனில் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "படம் எங்கன்னு மேல இருக்கறவங்க கேக்கறாங்க, ஆர்லிஸ். சேவல் உயிரோட இருக்குன்னு நான் சொன்னா எடுபடாது. இந்த வாரமும் இல்லன்னா பெட்டைங்களை அனுப்ப மாட்டாங்க."

அன்று ஆர்லிஸ் சாப்பிடவில்லை. செல்மர் கிண்டல் செய்யவில்லை. மறுநாள் மத்தியானம் அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "வா, ஒண்ணு காட்டறேன்" என்றான்.

மேட்டின் மேல் வண்டியை நிறுத்தினான். களத்தின் கிழக்கு ஓரத்தில் ஒரு இரும்புக் குழாய் நட்டுக்கொண்டு நின்றது. எண்ணெய்க் கிணற்றுக்காரர்கள் போட்டுவிட்டுப் போன பழைய குழாய். பண்ணைக்காரர்கள் அதைத்தான் வேலி மூலைக்குப் புதைப்பார்கள். ஆள் உயரத்துக்கும் மேலே இருந்தது. டிராக்டரில் பூட்டிய சம்மட்டியால் அடித்து இறக்கியிருந்தான். கேமரா மார்பு உயரத்தில், உதிக்கிற சூரியனுக்கு முதுகைக் காட்டி, கம்பியால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது.

"காளையே வந்து முட்டினாலும் அசையாது. உன் மாப்பிள்ளைய இனிமே நீ நல்லா பாத்துக்கலாம்."

ஆர்லிஸுக்கு ஜோஸ்லின் சொன்னது ஞாபகம் வந்தது. உயரமா மட்டும் எதையும் நட்டுடாதீங்க. வார்த்தை வாய் வரைக்கும் வந்துவிட்டது. செல்மர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தான். கன்று போடுகிற மாசம், அவனுக்குத் தூங்கவே நேரமில்லை. அந்தச் சேவலை இத்தனை நாள் வாயால் மட்டுமே கவனித்த மனுஷன், யாரும் கேட்காமல் அரை நாளை அதற்குச் செலவழித்திருக்கிறான். இந்த ஊரில் ஒருவனுக்கு ஒன்றின் மேல் பிரியம் வந்தால் அதற்குப் பக்கத்தில் நல்ல கம்பமாக ஒன்றை நட்டுவிடுவான். வேறு விதமாகக் காட்ட அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர் இல்லை.

"நல்லா இருக்கு" என்றாள்.

"திட்டு ஒண்ணும் இல்லையா?"

"கொஞ்சம் சாய்ஞ்சிருக்கு. உன்னை மாதிரி."

அவன் வீடு வரைக்கும் சீட்டியடித்துக்கொண்டே வந்தான். உச்சியில் முள்கம்பி சுற்றிவிட்டால் எதுவும் உட்காராது, நாளைக்கே சுற்றிவிடலாம் என்று ஆர்லிஸ் நினைத்துக்கொண்டாள். ஏணி வேண்டும், இன்னொரு ஆள் வேண்டும். செல்மரிடம் கேட்டால் ஏன் என்பான். மறுநாள் தலையீற்றுப் பசு ஒன்று கன்று போட முடியாமல் தவித்தது. அதற்கு மறுநாள் பனிப்புயல். நனைந்த கன்றுகளைச் சமையலறைக்குள் கொண்டுவந்து துண்டால் துடைத்ததில் நாலு நாள் போனது. அதற்குள் கார்டு மாற்றுகிற நாளும் வந்துவிட்டது.

என்ன படங்கள்! மேலிருந்து பார்க்கிற கோணத்தில் களம் முழுசும் தெரிந்தது. பனி தூவிய தரையில் சேவல் வாலை விரித்து நிற்கிறது, திரும்புகிறது, மஞ்சள் பை இரண்டும் பிதுங்கி நிற்கின்றன. புயலிலும் வந்து ஆடியிருக்கிறது, பைத்தியம். ஆர்லிஸ் சந்தோஷத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முள்கம்பி மறந்தே போயிற்று.

ஜோஸ்லினுக்கு அனுப்பும்போது மட்டும் கொஞ்சம் யோசித்தாள். சூரியன் வந்த பிறகு எடுத்த படங்களில் கம்பத்தின் நிழல் களத்தின் குறுக்கே நீளமாக விழுந்திருந்தது. அது தெரிந்தால் அந்தப் பெண் கண்டுபிடித்துவிடும். அதனால் வெளிச்சம் லேசாக வந்தும் நிழல் விழாத நேரத்துப் படங்களாகப் பொறுக்கி அனுப்பினாள். நிழல் இருந்த படங்களை, நிழல் இருக்கிறது என்ற மட்டில் பார்த்து ஒதுக்கினாள். அதற்கு மேல் பார்க்கவில்லை.

"அருமையா இருக்கு, ஆர்லிஸ்! கோணம் கொஞ்சம் உயரமா தெரியுதே?"

"தரை அங்க மேடு."

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள், அன்று வாய் கூசாமல் சொன்னாள். பெட்டைகள் வந்து சேரட்டும், கம்பத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தாள். பத்து நாள்தானே.

அந்தப் பத்து நாளில் வந்த படங்களிலும் வெயில் வருமுன் எடுத்தவற்றையே பார்த்தாள்; அவற்றில் புதிதாக ஒன்று இருந்தது. ஆட்டத்தின் நடுவே சேவல் சட்டென்று தரையோடு ஒட்டிப் படுத்திருந்தது. கழுத்தை ஒடித்து நேராகக் கேமராவைப் பார்த்தது. ஒன்றிரண்டு அல்ல, நிறையப் படங்கள். மூச்சுக்கூட விடாமல் கேமராவையே பார்க்கிறது.

ஆர்லிஸ் உருகிப்போனாள். அதில் ஒன்றை அச்செடுத்துக் காப்பிக் கடைக்கே கொண்டுபோனாள். "பாருங்க, என்னையே பாக்கறான்" என்று மேஜை மேஜையாகக் காட்டினாள். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கல்யாணச் சாப்பாடு எப்போது என்று ஒருவன் கேட்டான். அவளும் சிரித்தாள். அந்த வருஷம் அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அன்றைக்குத்தான்.

பெட்டைகள் வருகிற நாள் வந்தது. ஜோஸ்லின் இரவே புறப்பட்டுவிட்டாள், காலையில் வந்துவிடுவாள். செல்மர் மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிட்டுச் சீக்கிரமே திரும்பி, குளித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேஜைக்கு வந்தான். சர்ச்சுக்குப் போகாத கிழமையில் அவனை அந்தச் சட்டையில் பார்ப்பதே அதிசயம்.

"பொண்ணு பாக்கப் போறியா?"

"அவன் பக்கத்து ஆளுன்னு யாராவது நிக்கணும்ல?" முட்டையை வெட்டிக்கொண்டே சொன்னான். "ஆமா, கேக்கணும்னு இருந்தேன். கழுகு படமெல்லாம் விழுந்திருக்கா?"

"எந்தக் கழுகு?"

"அதான், உன் கம்பத்து மேல உக்காந்திருக்கே. பெரிசு, பொன் நிறம். நான் வைக்கோல் எடுத்துட்டுப் போறப்பல்லாம் பாக்கறேன், ஒரு வாரமா. நம்ம கம்பம் ரெண்டு பேருக்கு உபயோகமா இருக்குன்னு நினைச்சுக்கிட்டேன். உனக்குப் பறவைன்னா பிடிக்குமே, நீ இந்நேரம் ஊரெல்லாம் படம் காட்டியிருப்பேன்னு பாத்தேன்."

ஆர்லிஸ் எழுந்தாள். கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். ஜோஸ்லினின் வண்டி அப்போதுதான் கேட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. பின்னால் துணி போர்த்திய பெட்டிகள்.

களத்தில் எதுவும் இல்லை. சேவல் போயிருக்கிற நேரம்தான், அதனால் இல்லை என்று ஆர்லிஸ் தனக்கே சொல்லிக்கொண்டாள். ஜோஸ்லின் வண்டியிலிருந்து இறங்கியதும் கம்பத்தைப் பார்த்தாள். உச்சியிலிருந்து பாதி வரைக்கும் வெள்ளை வெள்ளையாய் எச்சம் வழிந்து காய்ந்திருந்தது. அவள் அதை நோக்கி நடந்தாள். கம்பத்துக்குக் கொஞ்ச தூரத்தில் இறகுகள் கிடந்தன. காற்று சிலதைப் புதர் வரைக்கும் கொண்டுபோயிருந்தது. வால் இறகுகள், முள்முள்ளாக.

ஜோஸ்லின் கார்டை எடுத்து வண்டியிலிருந்த கம்ப்யூட்டரில் போட்டாள். ஆர்லிஸ் பக்கத்தில் நின்றாள். பார்க்க வேண்டாம் என்று இருந்தது, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

முந்தின நாள் காலை. சேவல் தரையோடு படுத்து மேலே பார்க்கிறது. ஆர்லிஸை அல்ல, அவளை அது எப்போதுமே பார்த்ததில்லை. களத்தின் குறுக்கே கம்பத்தின் நிழல். நிழலின் உச்சியில் தோள் அகன்ற ஒரு உருவம். அடுத்த படத்தில் நிழல் மொட்டையாக இருந்தது, மேல் ஓரத்தில் ஏதோ ஒன்று கலங்கலாக. அதற்கு அடுத்த படங்களெல்லாம் புல்.

ஜோஸ்லின் பழைய படங்களையும் ஓட்டினாள். வெயில் விழுந்த எல்லாவற்றிலும் அந்த நிழல், அந்தத் தோள்கள். பயத்தில் செத்துச் செத்து அது தினமும் அங்கேயே வந்திருக்கிறது. வேறு எங்கே போகும்? அதற்குத் தெரிந்த களம் அது ஒன்றுதான்.

"யாரு நட்டது?"

"நான்தான் நடச் சொன்னேன்" என்றாள் ஆர்லிஸ். "நீ சொன்னது ஞாபகம் இருந்துச்சு. இருந்தும்தான்."

கத்தியிருக்கலாம் அந்தப் பெண். கத்தவில்லை. வண்டிப் படியில் உட்கார்ந்துகொண்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பெட்டிகளுக்குள் பெட்டைகள் நகத்தால் அட்டையைப் பிராண்டின, வெளிச்சத்தின் வாடை தெரிந்திருக்கும்.

"இங்கயே விட்டுப் பாக்கலாமா?" ஆர்லிஸ் கெஞ்சினாள். "நான் பாத்துக்கறேன். கம்பத்தை இன்னிக்கே பிடுங்கிடறேன். தினமும் வந்து நிக்கறேன்."

"யாருக்காகத் தங்கும், ஆர்லிஸ்? விட்டா மே மாசம் முடியறதுக்குள்ள ஒண்ணும் இருக்காது."

"வேற களம்?"

ஜோஸ்லின் தலையை அசைத்தாள். வேறு களம் இல்லை என்பது ஆர்லிஸுக்கும் தெரியும். அது இருவருக்கும் தெரிந்துதான் இரண்டு வருஷம் ஓடினார்கள். இனி இந்தப் பெட்டைகள் கூண்டிலேயே முட்டையிடும், அவற்றின் குஞ்சுகள் கூண்டிலேயே வளரும். ஆடுவது என்றால் என்ன என்று காட்ட வெளியில் ஒன்றும் இல்லை. ஜோஸ்லின் பெட்டிகளின் மேல் துணியைச் சரிசெய்து இழுத்துவிட்டாள். காப்பி குடித்துவிட்டுப் போ என்று ஆர்லிஸ் சொன்னதற்கு, பெட்டைகள் வண்டியில் நெடுநேரம் தாங்காது என்றாள். இறகுகளில் இரண்டை உறையில் போட்டு எடுத்துக்கொண்டாள். ஒன்றை ஆர்லிஸிடம் நீட்டினாள். ஆர்லிஸ் வாங்கவில்லை.

வீட்டு வாசலில் செல்மர் நின்றிருந்தான். ஜோஸ்லினின் வண்டி நிற்காமல் பெரிய சாலைக்குத் திரும்பியதைப் பார்த்திருக்கிறான். உள்ளே மேஜையில் மூன்று கோப்பை, வெண்ணெய் தடவிச் சுருட்டி வைத்த லெஃப்சே ரொட்டி. அவனே சுருட்டியிருந்தான், எல்லாம் கோணல்மாணல்.

"இறக்கலையா?"

"இல்ல."

"சேவல்?"

"போயிடுச்சு."

அவன் தன் கையைப் பார்த்தான். "கழுகுன்னு சொன்னதும் ஓடினியே" என்றான். "கம்பத்தாலயா?"

இவள் சொல்லப் போவதை அவன் எதிர்பார்த்து நின்றான். நனைந்த வைக்கோலுக்கும் நின்றுபோன டிராக்டருக்கும் வராத மழைக்கும் வாங்கிக்கொண்ட மாதிரி இதையும் வாங்கிக்கொள்ள, தோளைக்கூட லேசாகக் குறுக்கிக்கொண்டான். அவள் திட்டினால் தாங்கிக்கொள்வான். நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், ஐந்தாம் நாள் கிண்டலில் முடியும். எல்லாம் அப்படித்தான் முடிந்திருக்கின்றன.

ஆர்லிஸ் அவனுடைய இஸ்திரிச் சட்டையின் காலரைச் சரிசெய்தாள்.

"நரி தூக்கிட்டுப் போயிடுச்சு, செல்மர்" என்றாள் மெதுவாக. "உன் மேல ஒரு தப்பும் இல்ல."

முப்பத்து நாலு வருஷத்தில் அவள் அவனிடம் அப்படிச் சொன்னதே இல்லை. அவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.